சுமைதாங்கிக் கல்லுக்கு ஒரு ஜி.பி.எஸ்.

"சுமைதாங்கிக் கல் நின்ற இடத்தைப் பொறுத்தவரை எவருடைய ஞாபகத்தையும், என்னுடையதையும் சேர்த்து, ஏற்க வேண்டாம். கையடக்க ஜி.பி.எஸ். கருவியில் பதிவான எண்ணை மட்டுமே ஏற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

2008 ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை, ஆடிப்பெருக்குக்கு மறுநாள், சாலை வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரருக்கு நான் எழுதிய கடிதத்தின் இரண்டாவது பத்தி இது. நகல் என்னிடம் இருக்கிறது. எவருடைய ஞாபகத்தையும் என்று பொதுவாக எழுதியிருந்தாலும் நான் குறிவைத்தது ஒருவருடைய ஞாபகத்தைத்தான். அவர் என் அக்காவின் கணவர். கீரப்பாளையத்தில் வீட்டை ஒட்டியே நெல் மில் வைத்திருப்பவர். உறவு முறையில் அவரை மாமா என்று கூப்பிடுவேன். மரியாதைக்காக அல்ல, வேறு சொல் இல்லாததால்.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோகும் பெண்ணின் நினைவாகச் சாலையோரத்தில் சுமைதாங்கி நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கிடத்துவார்கள். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன பாரத்துக்கு ஈடாக, வழியில் போகிறவர்கள் தங்கள் தலைச்சுமையை இறக்கி வைத்துக் கொள்வார்கள். என் அக்கா 1966 சித்திரையில் இறந்தாள். அப்போது எனக்கு ஒன்பது வயது, கடலூரில் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பிரசவ வலி எடுத்த அவளை மாட்டு வண்டியில் ஏற்றிச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகிற வழியில், மாமா வீட்டைத் தாண்டி இரண்டு வளைவுக்கு அப்பால், ஒரு புளியமரத்தடியில் உயிர் போயிற்று. வண்டி நின்ற அதே இடத்தில் மாமாவின் அப்பா கல்லை நட்டார். எங்களுக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்.

அம்மா இதை நம்பவில்லை. வலி எடுத்தவளை ஒரு பகல் முழுக்க வீட்டிலேயே வைத்திருந்துவிட்டு, எல்லாம் கைமீறிப் போன பிறகு ஊருக்குக் காட்டுவதற்காக வண்டி கட்டினார்கள் என்று சாகும்வரை சொன்னாள். மாமா வீட்டார் அதற்குக் கல்லைத்தான் பதிலாகக் காட்டுவார்கள். தாமதமாகக் கிளம்பியிருந்தால் வண்டி அவ்வளவு தூரம் எப்படி வந்திருக்கும்? கல் அங்கே நிற்கும்வரை அம்மாவின் பேச்சு ஊரில் எடுபடவில்லை. எனக்கும் அந்தக் கல் பிடிக்காது. ஆனால் அக்காவுக்குப் புகைப்படம் கிடையாது. அவளுடைய பொருளென்று எங்கள் வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவள் இருந்தாள் என்பதற்கு என்னால் விரல் நீட்டிக் காட்ட முடிந்தது அந்த இடம் ஒன்றைத்தான்.

2008இல் சாலையின் வளைவுகளை நேராக்கப் போவதாகப் புளியமரத்திலும் கல்லிலும் சிவப்பு பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். மரம் போகும், பக்கத்து மதகு இடம் மாறும், மண் ஏறும். கல்லைப் பிடுங்கி வைத்திருந்து, வேலை முடிந்ததும் அதே இடத்துக்கு நேராகப் புதுச் சாலை ஓரத்தில் நட்டுத் தருவதாக ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் ஒப்புக்கொண்டார். அதே இடம் எது என்று பிறகு யார் சொல்வது? அந்த ஊரில் அப்படிச் சொல்லும் அதிகாரம் உள்ளவர் மாமா. அவர் சொல்லுக்கு விட்டால் கல் மில்லின் பின்பக்கம் உமிக் குவியலுக்கு அடியில் போகும் என்று நான் நினைத்தேன். அதனால்தான் அந்தக் கடிதம்.

கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. கடலூர் மாவட்டத்துச் சாலையோரக் கற்களைப் பற்றி ஏற்கெனவே குறிப்பு எழுதி வந்தேன். மைல் கல், எல்லைக் கல், சுமைதாங்கி, எதுவாக இருந்தாலும். ஆனால் இடத்தைச் சொல்ல 'பிள்ளையார் கோயிலுக்கு வடக்கே', 'டீக்கடைக்கு எதிரே' என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். டீக்கடை ஆறு மாதத்தில் செல்போன் கடையாகிவிடும். ஆகவே கருவி வாங்குவது என்று முடிவானதும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நூலகக் கணினியில் விளக்கப் புத்தகங்களைப் பதிவிறக்கி அட்டை முதல் அட்டை வரை படித்தேன். அவற்றில் பாதி விளம்பரம். விளம்பரத்தைக் கழித்துவிட்டால் வெளியில் எடுத்துப் போகிறவன் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். வெயிலில் திரை தெரிய வேண்டும். ஈரக் கையால் அழுத்த முடிகிற பொத்தான் வேண்டும். பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியில் ஓட வேண்டும். சார்ஜர் போட்டு ஏற்றுகிற வகை நமது மின்வெட்டுக்கு உதவாது. மரத்தடியில் நின்றாலும் சிக்னல் விடாத ரிசீவர் வேண்டும். ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வைத்து, சராசரி எடுத்து எண்ணைப் பதிகிற வசதி இருந்தால் நல்லது. வண்ணமும் பாட்டும் படமும் இதில் எதற்கும் உதவாது.

இந்த விவரமெல்லாம் தயாராக இருந்தபோது மாமாவிடமிருந்து போன் வந்தது. சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார்.

"இன்னா மச்சான், மெஷின் வாங்கப் போறியாமே?"

"ஆமா."

"என் பொண்டாட்டி கல்லுக்கு மெஷின் வாங்க நீ யாரு?"

"அவ எனக்கு அக்கா, மாமா."

"இருக்கட்டும். தாலி கட்டுனவன் நானு. கடைக்கு நானும் வரேன். நீ பாட்டுக்கு எதையாவது ஓட்டையா வாங்கிட்டு வந்து நிப்ப."

ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒரு சனிக்கிழமை காலை, கடலூர் முதுநகரில் துறைமுகத்துப் பக்கம் படகுச் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. வலை, நைலான் கயிறு, மிதவை, எஞ்சின் எண்ணெய் எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு கண்ணாடி அலமாரியில் ஜி.பி.எஸ். கருவிகள். அந்த ஊரில் அப்போது அது வேறு எங்கும் கிடைக்காது. சுனாமிக்குப் பிறகு படகுக்காரர்களிடம் அதன் புழக்கம் நிறைய ஏறியிருந்தது. மாமா வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத துண்டோடு வந்திருந்தார். பெண் பார்க்கப் போகிற மாதிரி இருந்தது. அதையும் அவர் தாமதிக்காமல் செய்தவர்தான். அக்கா போன மறு வருஷமே அந்த வீட்டுக்கு இன்னொரு பெண் வந்தாயிற்று.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று மஞ்சள் ரப்பர் உறை போட்டது, சாம்பல் நிறத் திரை, பக்கவாட்டில் பொத்தான்கள். இன்னொன்று கறுப்பு, பெரிய வண்ணத் திரை, தொட்டால் நகர்வது, உள்ளே சாலை வரைபடம். மாமா முதலாவதைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

"இது இன்னா, கால்குலேட்டரு மாதிரி இருக்குது?"

"போட்டுக்காரங்க எல்லாம் இதத்தான் எடுத்துட்டுப் போறாங்க சார்," என்றார் கடைக்காரர். "தண்ணில வுழுந்தாலும் ஒண்ணும் ஆவாது."

"நாங்க இன்னா மீனா புடிக்கப் போறோம்? அந்த கலரு மெஷின எடு."

மாமா திரையை விரலால் தேய்த்தார். அது நகர்ந்ததைப் பார்த்து அவர் முகத்தில் வந்த பெருமையை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. சாம்பல் கருவியை ஏன் எடுக்க வேண்டும் என்று நான் காரணங்களைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கடைக்காரரிடம் சொன்னார்: "எங்க மச்சான் லைப்ரரில இருக்காரு. புத்தகம் தொடச்சி தொடச்சி மூளை ஜாஸ்தி ஆயிப்போச்சி."

"வெளியில எடுத்துட்டுப் போய்ப் பாக்கலாம் மாமா. கடைக்குள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

"அது செரிங்க சார்," என்றார் கடைக்காரர். "ஷெட்டுக்குள்ள புடிக்காது. தகரம் இல்ல? மேல வானம் தெரிஞ்சாத்தான் சாட்டிலைட்டு வரும்."

இரண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே மீன் காயப்போடும் தளத்தில் நின்றோம். சாம்பல் திரையில் வெயில் பட்டதும் எழுத்து இன்னும் தெளிவாயிற்று. வண்ணத் திரை இருண்ட கண்ணாடியாகி மாமாவின் மூக்கைக் காட்டியது. துண்டைத் தலைமேல் முக்காடு போட்டுக் கருவியை உள்ளே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இப்பத் தெரியுது."

"போற எடத்துக்கெல்லாம் முக்காடு போட்டுக்கிட்டே போவ முடியுமா?"

"என் துண்டு, என் தலை. உனக்கு இன்னா நோவுது?"

நானும் துண்டுக்குள் குனிந்து பார்த்தேன். உள்ளே இருந்த வரைபடத்தில் கரையின் கோடு எங்களுக்கு மேற்கே ஓடியது.

"மேப்பு சரியில்ல மாமா. நம்ம ரெண்டு பேரும் கடலுக்குள்ள நிக்கிறோம்."

"நீ நில்லு. நான் கரையிலதான் நிக்கிறேன்."

இதற்குள் நாலைந்து படகுக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் இன்னொருவரிடம், "மாமனும் மச்சானும் பேயி புடிக்கிற மெஷினு வாங்குறாங்கடா," என்றார். மாமாவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் கறுப்புக் கருவியை வாங்கினார். பணத்தை எண்ணாமல் நீட்டினார், நான் பார்க்க வேண்டும் என்பதற்காக. "ஜாஸ்தி வெல குடுத்தா ஜாஸ்தி சரியாக் காட்டும்," என்றார். இதற்கு மேல் தொழில்நுட்பம் பேசுவதில் பயனில்லை.

சாம்பல் கருவி எனக்கு அன்று கிடைக்கவில்லை. அலமாரியில் இருந்தது ஒரு படகுக்கென்று பேசி வைத்தது. சென்னையிலிருந்து அடுத்த சரக்கு வரும்போது தருவதாகக் கடைக்காரர் சொன்னார். கறுப்பையே இன்னொன்று எடுத்துக்கொள்ளலாமே என்றார். மாட்டேன் என்றேன். அந்தத் தேர்வில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது மாமாவிடம் சொன்னேன்: என் கருவி வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து போய், இரண்டிலும் எண் எடுத்து, ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுப்போம். அவர் வெற்றிலை வாங்கினார். "பாக்கலாம்," என்றார்.

பார்க்கவில்லை. செப்டம்பர் 29, மகாளய அமாவாசை. அன்று சாயங்காலம் போன் வந்தது.

"மச்சான், நம்பர் எடுத்துட்டேன். காலையிலயே கல்லுக்குப் பூசை போட்டுட்டு, அப்பிடியே எடுத்து சூப்பர்வைசர்கிட்ட குடுத்தாச்சி."

"சேந்து போவலாம்னு சொன்னேனே."

"செத்தவங்களுக்கு நாளு இருக்குது. உன் மெஷின் வர வரைக்கும் அமாவாச காத்துக்கிட்டு இருக்குமா?"

எனக்குச் சாம்பல் கருவி ஆயுத பூஜை முடிந்த மறு வாரம் கிடைத்தது. வாங்கிய கையோடு கீரப்பாளையம் போனேன். மரம் இல்லை. மதகு இல்லை. கல்லை மாமாவின் மில்லுக்குள் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார்கள். இடத்தில் லாரி கொட்டிய செம்மண் மேடு. அதன்மேல் ஏறி நின்று, நான் தேர்ந்தெடுத்த கருவியில், நான் விரும்பிய எல்லா வசதிகளுடனும், கல் இல்லாத இடத்தின் எண்ணைப் பதிந்துகொண்டு திரும்பினேன். நவம்பர் மழையில் அந்த மேடும் பாதி கரைந்தது. வேலை நின்றது. பிறகு மெல்ல நடந்தது.

2009 ஜூனில் கல்லை நடப்போவதாகச் சூப்பர்வைசர் தெரிவித்தார். போனேன். சாலை நேராகிக் கறுப்பாகப் பளபளத்தது. வளைவுகள் இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் மனை போட்டு, வண்ண வண்ணமாகக் கல் நட்டிருந்தார்கள். ஜே.சி.பி. ஒன்று நின்றது. மாமா தன் கருவியோடு, சூப்பர்வைசர் எண் எழுதிய தாளோடு, இரண்டு மூன்று மனைக்காரர்கள் வேடிக்கை பார்க்க. புளியமரம் இருந்திருக்க வேண்டிய பக்கத்திலிருந்து ஊரைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள். கருவியின் அம்புக்குறி முன்னே இழுத்தது. நான் நின்றுவிட்டேன்.

"சார், கல் இருந்தது இந்தப் பக்கம். தாண்டிப் போறீங்க."

"நம்பர் அங்க காட்டுது சார்," என்றார் சூப்பர்வைசர்.

அவர்கள் நடந்து நடந்து மில்லின் வாசலுக்குப் போனார்கள். அங்கே அம்பு சுழன்று நின்றது. மாமா நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் இருந்ததா என்று பல முறை யோசித்திருக்கிறேன். நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

"மில்லு வாசல்லயா கல்லு இருந்துச்சி?" என்று கேட்டேன். "இந்த ஊர்ல யாருக்கும் கண்ணில்லையா?"

மனைக்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். சாவுக் கல் தங்கள் மனைக்கு முன்னால் வராமல் மில்லுக்குப் போனால் அவர்களுக்கு லாபம். ஒருவர் மட்டும், "ரோடே மாறிப் போச்சி, எவன் கண்டான்?" என்றார்.

"மெஷின் பொய் சொல்லுமா மச்சான்?" என்றார் மாமா. "நீதான சொன்ன, ஞாபகத்த நம்பாதீங்க, நம்பர நம்புங்கன்னு? எழுதியே குடுத்திருக்கியே."

"என்கிட்டயும் நம்பர் இருக்குது." என் கருவியை நீட்டினேன்.

சூப்பர்வைசர் வாங்கிப் பார்த்தார். நல்ல மனிதர். அவரிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. "இது அக்டோபர் தேதி போட்டிருக்குது சார். கல்ல எடுத்தப்புறம் எடுத்தது. இது மண்ணு மேட்டோட நம்பரு. அவரு குடுத்தது கல்லு இருக்கும்போது எடுத்தது. உங்க லெட்டர்ல நீங்களே எவர் ஞாபகமும் வேணாம்னுட்டீங்க. நான் எத வச்சி உங்களுத எடுத்துக்க?"

பதில் சொல்ல என்னிடம் ஞாபகம்தான் இருந்தது. கல்லை மில் வாசலுக்குப் பக்கத்தில், புதுச் சாலையின் ஓரத்தில் நட்டார்கள். மாமா தேங்காய் உடைத்தார். எனக்கும் ஒரு மூடி கொடுத்தார். நான் வாங்கவில்லை. "கோவத்துல தேங்காய வுடாத மச்சான், அக்காவுது," என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் போல நான் அந்தப் பக்கம் போகவில்லை. 2010இல் குறிஞ்சிப்பாடியில் உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் மாமாவின் இரண்டாவது மனைவி உட்கார்ந்தார். எதிரில் பார்த்தால் என்னைத் தம்பி என்பார். நான் அவரை எப்படியும் அழைத்ததில்லை. பேச எதுவும் இல்லாததால், அந்த மெஷினை மாமா இன்னும் வைத்திருக்கிறாரா என்று கேட்டேன்.

"பீரோவுல இருக்குது தம்பி. அத தொடவே மாட்டாரு, திரை கீறிடும்னு. அன்னிக்கி கல்லுக்கு எடுத்துட்டுப் போவும்போதுகூட இன்னா பாடு! சாவு எடம், அமாவாச வேற, புதுப் பொருள வெறுமனே எடுத்துட்டுப் போவக் கூடாதுன்னு மஞ்சத் துணில சுத்தி, எவர்சில்வர் டப்பால போட்டு மூடி, வண்டில முன்னால மாட்டிக்கிட்டு இல்ல போனாரு."

"எங்க ஆன் பண்ணாரு?"

"மில்லு வாசல்லதான். எல்லாம் சரியா வந்துடுச்சான்னு பாத்துட்டுத்தான் மூடுனாரு. அங்க போயி திறந்து அமுக்கிட்டு வந்துட்டாரு. ரசம் ஊத்தச் சொல்லட்டுமா?"

ரசத்தை ஊற்ற விட்டேன். இலையில் ஓடியது. தகரக் கூரைக்குக் கீழே பிடிக்காத சிக்னல், மூடிய எவர்சில்வர் டப்பாவுக்குள் எப்படிப் பிடிக்கும்?

மறு ஞாயிறு மஞ்சக்குப்பத்தில் என் வீட்டில் சோதித்துப் பார்த்தேன். மூடி இறுக்கமான டப்பா வேண்டும் என்று மனைவியிடம் கேட்டேன்.

"முறுக்க எங்க கொட்டுறது?"

"எங்கயாவது கொட்டு."

"முறுக்கு டப்பாவுல சாட்டிலைட்டு புடிக்கப் போறாராம்," என்று அடுக்களைக்குள் யாரிடமோ சொன்னாள். அங்கே யாரும் இல்லை.

வாசலில் கருவியை இயக்கி, சிக்னல் வந்ததும் துணியில் சுற்றி டப்பாவில் வைத்து மூடினேன். கெடிலம் பாலம்வரை நடந்தேன். பாலத்தின் நடுவில் மூடியைத் திறந்த அதே வேகத்தில் பதியும் பொத்தானை அழுத்தினேன். திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது: செயற்கைக்கோள் தொடர்பு இல்லை, கடைசியாகத் தெரிந்த இடத்தைப் பதியலாமா? சரி என்று அழுத்தினேன். பாலத்தில் நின்றுகொண்டு பதிந்த எண் என் வீட்டு வாசலின் எண்ணாக இருந்தது. இரண்டாவது முறையும் அப்படியே வந்தது.

கறுப்புக் கருவியும் இப்படித்தான் கேட்டிருக்கும் என்று அதன் விளக்கப் புத்தகம் சொல்கிறது. ஒப்பந்தக்காரருக்கு எழுதினேன். அவர் அதற்குள் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டிருந்தார், பதில் வரவில்லை. மாமாவுக்கு எழுதவில்லை. அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன், ஆனால் அந்த முகத்தைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. இப்படியே நாள் போயிற்று.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் அடித்தது. கடலூரில் நின்ற மரங்களை எண்ணுவது சுலபம் என்ற நிலை. இரண்டு வாரம் கழித்து, பஸ் ஓடத் தொடங்கியதும், பொங்கலுக்கு முந்தின நாள் கீரப்பாளையம் போனேன். மில்லின் கூரைத் தகடுகள் பக்கத்து வயலில் கிடந்தன. கரண்ட் வரவில்லை. நனைந்த நெல்லைச் சாலையிலேயே பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள், புளித்த வாடை. கல் அசையவில்லை. மாமா அதன்மேல் நெல் கிளறும் பலகையைச் சாத்தி வைத்துவிட்டு, பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். நான் நலம் விசாரிக்கவில்லை.

டப்பாவைப் பற்றிச் சொன்னேன். பாலத்தில் செய்த சோதனையைச் சொன்னேன். நம்பர் எடுத்த இடம் கல் இருந்த இடமல்ல, இந்த வாசல் என்றேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. கல்லத் திரும்ப எடுத்து அங்க நடணும்."

"ஏதோ இங்கிலீசுல கேட்டுச்சி. ஓகே குடுத்தேன். மெஷினு கேட்டா வேற இன்னா குடுப்பாங்க?"

"அப்பவே தெரிஞ்சுதா, தப்பா பதிஞ்சிருக்குன்னு?"

நெல்லைத் தின்ன வந்த ஆட்டை விரட்டினார். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீ மெஷினு மெஷினுன்னு சுத்துற. கல்லு புளியமரத்துல இருந்துச்சி, செரி. வண்டி புளியமரத்துல நின்னுச்சின்னு உனக்கு யாரு சொன்னா?"

"உங்க அப்பா சொன்னாரு. ஊரே சொல்லிச்சி."

"எங்கப்பா சொன்னாரு. வண்டியில உங்கப்பா இருந்தாரா? நீ இருந்தியா? நான் இருந்தேன். அவ தல என் மடில இருந்துச்சி." கையால் மில் வாசலைக் காட்டினார். "அப்ப இது மில்லு இல்ல, களம். மாடு பூட்டி வண்டி களத்த தாண்டல. இங்கயே போயிட்டா. கல்ல இங்க நட்டா, வூட்ட வுட்டே கிளம்பலன்னு உங்கம்மா ஊர கூட்டும்னு எங்கப்பா அங்க கொண்டு போயி நட்டாரு. தூரமா வந்தோம்னு காட்டணும் இல்ல?"

சாய்ந்துகொள்ள இருந்த ஒரே இடம் அந்தக் கல். நின்றேன்.

"இத்தன வருஷம் சொல்லல?"

"கேட்டியா நீ? மொறச்சிக்கிட்டுத்தான வருவ."

"அப்ப எங்கம்மா சொன்னது நெஜம். ஒரு பகல் பூரா வூட்ல வச்சிருந்தீங்க."

"பகலு பூரா இல்ல," என்றார். எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. பலகையை எடுத்துக்கொண்டு நெல்லைக் கிளறப் போய்விட்டார். நான் அடுத்த பஸ்ஸில் சிதம்பரம் வந்து, கடலூர் வண்டி பிடித்தேன். அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. இன்றுவரை பேசவும் இல்லை.

அவர் சொன்னது உண்மை என்றால் டப்பாவுக்குள் இருந்த கருவி தவறாகப் பதிந்த இடம்தான் சரியான இடம். அம்மா சொன்னதும் உண்மை. அதைத் தெரிந்துகொண்டே அவர் அன்று ஓகே அழுத்தியிருக்கவும் கூடும். பொய் என்றால், மில் வாசலில் நட்ட கல்லுக்கு நியாயம் கற்பிக்க என் அக்காவின் சாவை இரண்டாம் முறையும் இடம் மாற்றிவிட்டார். இரண்டில் எதுவானாலும் அவரை மன்னிக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

விசாரித்தவரை: வண்டி ஓட்டியவர் 1980களிலேயே இறந்துவிட்டார். மாமாவின் அப்பாவும் இல்லை. வண்டியில் கூடப் போன மருத்துவச்சி ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தவர் என்று மட்டும் தெரிந்தது; அவரது குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 1966 சித்திரையில் வண்டி களத்தைத் தாண்டவில்லை என்பது 2012 ஜனவரியில் மாமா வாயால் கேட்டது. வேறு எவராலும் இது உறுதிப்படுத்தப்படவில்லை.